வளரி கற்றுத்தந்தவர்

சித்திரை மாதத்தில் கொறங்காட்டுக்கு, எங்கள் மேய்ச்சல் நிலத்துக்கு, ஒரே நிறம்தான். கொழுக்கட்டைப் புல் வெளுத்து மண்ணோடு சேர்ந்துவிடும். கிளுவை வேலி இலையெல்லாம் கொட்டி வெறும் முள்ளாக நிற்கும். நிழல் வேண்டுமென்றால் வெள்வேல் மரத்தடிதான். குண்டடத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையை விட்டு எந்த இட்டேரியில் இறங்கி நடந்தாலும் இதே காட்சி. செம்மறிகள் தலையைத் தொங்கப்போட்டு ஒன்றின் நிழலில் இன்னொன்று நிற்கும். மேலே காற்றாலைகள்.

இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு வெஸ்டர்ன் படங்களின் நிலம் புதிதாகத் தெரியாது. மாடு, வேலி, தண்ணீர் என்ற மூன்றுக்காகத்தான் கௌபாய்கள் சுட்டுக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்து நீதிமன்ற வழக்குகளிலும் பாதி இந்த மூன்றில் அடங்கிவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் இயக்குநர் கர்ணன் நடிகர் ஜெய்சங்கரைக் குதிரையேற்றி ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று படம் எடுத்தபோது கொட்டகைகளில் விசில் பறந்ததில் ஆச்சரியமில்லை. அந்தப் படங்களை நான் இன்றும் விரும்பிப் பார்ப்பேன். ஆனால் அவற்றில் யாருக்கும் வலிப்பதில்லை. குண்டு பட்டவன் தொப்பியோடு சரிந்து விழுவான். அடுத்த காட்சி வந்துவிடும்.

*

வலிக்கிற வெஸ்டர்ன் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் எடுத்தது. 2005-இல் ஜான் ஹில்கோட் இயக்கிய ‘தி ப்ரபொசிஷன்’. கதை வசனம் எழுதியவர் நிக் கேவ், பாட்டுக்காரர். வாரன் எல்லிஸோடு சேர்ந்து இசையும் அவரே. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் வின்டன் என்ற ஊரைச் சுற்றிப் படம் பிடித்தார்கள். கதை நடப்பது 1880-களில். செம்மண், புழுதி, ஈ. இவ்வளவு ஈக்களை வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. பேசுகிறவன் முகத்தில், சாப்பாட்டில், பிணத்தில், எங்கும் ஈ. யாரும் ஓட்டுவதுகூட இல்லை.

கதை சிறியது. பர்ன்ஸ் சகோதரர்கள் மூவர். ஒரு குடும்பத்தைச் சூறையாடிக் கொன்ற கும்பல். நடுவிலவன் சார்லியும் கடைக்குட்டி மைக்கியும் போலீஸ் கேப்டன் ஸ்டான்லியிடம் பிடிபடுகிறார்கள். ஸ்டான்லி ஒரு பேரம் பேசுகிறான்: மலைக்குள் பதுங்கியிருக்கும் உன் அண்ணன் ஆர்தரைக் கொன்றுவிட்டு வா, உங்கள் இருவருக்கும் மன்னிப்பு, கிறிஸ்துமஸுக்குள் கொல்லாவிட்டால் தம்பி தூக்கில் தொங்குவான்.

இதற்கு மேல் கதையில் திருப்பம் என்று பெரிதாக இல்லை. அந்தப் பேரம் ஒவ்வொருவரையும் என்ன செய்கிறது என்பதுதான் படம்.

*

மைக்கியைச் சவுக்கால் அடிக்கும் காட்சி.

ஊரே கேட்டு வாங்கிய தண்டனை அது. கேப்டனுக்கு விருப்பமில்லை, பையன் செத்துப்போவான் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு மேலே இருப்பவன் உத்தரவு போட்டுவிட்டான். கொல்லப்பட்ட பெண் தன் தோழி என்பதால் ஸ்டான்லியின் மனைவி மார்த்தாவும் வந்து நிற்கிறாள். நீதியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆவல். எங்கோ தொலைவில் ஒருவன் இனிய குரலில் பாடுகிற பாட்டு இந்தக் காட்சிமேல் ஓடிக்கொண்டிருக்கிறது. சவுக்கு விழுகிறது. சற்று நேரத்தில் அடிப்பவன் சவுக்கைக் கையால் பிழிகிறான், ரத்தம் சொட்டுகிறது. கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மார்த்தா மயங்கி விழுகிறாள்.

இந்த இடத்தில் படம் என்னைப் பார்க்கிறது என்று தோன்றியது. நானும் அதுவரை கண்ணைத் திருப்பாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

எல்லைநிலத்து வன்முறையெல்லாம் யாரோ பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதே. இங்கேயும் அப்படித்தான். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோது மேஜர் பானர்மேன் மற்ற பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து எதிரே நிறுத்தினார். அவர்கள் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்கு முன்பே கட்டபொம்மனின் அமைச்சர் சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் கம்பத்தில் வைத்தார்கள். அதுவும் பார்ப்பதற்குத்தான்.

பேரமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வழக்கம்தான். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். சிவகங்கையில் மருது சகோதரர்கள் எதிர்த்து நின்றபோது, 1801-இல் படமாத்தூர் கௌரி வல்லபரை ஜமீன்தாராக்கி எதிரில் நிறுத்தினார்கள். உன் ஆளை நீயே பிடித்துக் கொடு, உனக்கு நாடு. குவீன்ஸ்லாந்தில் பழங்குடிகளை வேட்டையாடிய காவற்படையில் துப்பாக்கி தூக்கியவர்களும் பழங்குடிகளே. குதிரைமேல் உட்கார்ந்து உத்தரவிட்டவர்கள்தான் வெள்ளையர்கள். படத்தில் தடம் பார்க்கும் ஜாக்கோவாக வருபவர் டேவிட் கல்பிலில். 1971-இல் ‘வாக்அபவுட்’ படத்தில் சிறுவனாக வந்த அதே நடிகர். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியாது. அதுவே பெரிய நடிப்பு.

*

எனக்கு ஆர்தரைவிட ஸ்டான்லியே முக்கியமானவனாகத் தெரிகிறான். ஆர்தர் பேய், அதே சமயம் சூரியன் மறைவதைப் பார்த்து உருகுகிறவன். அழகை ரசிப்பதால் மனிதன் நல்லவனாகிவிடுவதில்லை என்பதைச் சொல்ல அவன் போதும். ஸ்டான்லி அப்படியில்லை. இந்த நிலத்தை நாகரிகப்படுத்தப் போகிறேன் என்று நம்பி வந்தவன். மனைவிமேல் பிரியமுள்ளவன். பொட்டல் நடுவே வேலி கட்டி, ரோஜாச் செடி வைத்து, இங்கிலாந்தை ஒரு முற்றத்துக்குள் உண்டாக்கப் பார்க்கிறவன். அவனுக்குக் கொஞ்சம் மனசாட்சி இருப்பதே அவனை அதிகம் குற்றவாளியாக்குகிறது.

இப்படி ஒருவர் நம் கதையிலும் இருக்கிறார். ஜேம்ஸ் வெல்ஷ்.

1795 வாக்கில் மதுரைப் பக்கம் இருந்த இளம் அதிகாரி. சின்ன மருதுவோடு அவருக்கு நல்ல பழக்கம். சிறுவயலில் சின்ன மருதுவின் அரண்மனைக்குப் போக யாருக்கும் தடையில்லை, வாசலில் காவல்கூட இல்லை என்று வியந்து எழுதியிருக்கிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருதுதான் என்று அவரே பதிவு செய்கிறார். வளரி என்றால் எறிகிறவனின் குறி தப்பாத வளைதடி. அதற்கு உறவான ஆயுதம் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் இருந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே வெல்ஷ் கர்னல் அக்னியூவின் படையோடு அந்த மனிதரைத் தேடிக் காட்டுக்குள் நுழைகிறார். கம்பெனிப் படை தங்கிவிடக் கூடாதென்று சிறுவயல் மாளிகைகளும் வீடுகளும் தீ வைக்கப்பட்டிருந்தன. அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றார்கள். ஒரு மாதம்போல வெட்டியும் முடியாமல் திரும்பினார்கள். பிறகு வேறு வழியாக, 1801 அக்டோபர் 1-ஆம் தேதி, காளையார்கோயில் விழுந்தது. தொடை எலும்பு முறிந்த நிலையில் சின்ன மருது பிடிபட்டார். அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் அண்ணனும் தம்பியும், கூட இருந்த பலரும் தூக்கிலிடப்பட்டார்கள்.

வெல்ஷ் அதைப் பார்த்தார். பார்த்ததை எழுதினார். தனக்கு ஆயுதம் கற்றுத்தந்த மனிதரை விலங்கைப்போல் துரத்த நேர்ந்ததும், அவர் தொங்கக் கண்டதும் தன் விதி என்று வருந்தி எழுதினார். சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். 1818-இல் வெல்ஷ் பினாங்கு போனபோது ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். வயதுக்கு மீறிய முதுமை. துரைசாமி. அந்தச் சந்திப்பையும் வெல்ஷ் மறைக்கவில்லை.

வருத்தம் உண்மையானது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வருத்தத்தால் ஒரு கயிறுகூட அவிழவில்லை. வெல்ஷ் வேலையை விடவில்லை. கம்பெனிப் படையில் மேலே மேலே உயர்ந்தார். ஸ்டான்லியின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார்.

*

எங்கள் கொங்கிலும் இதே காலம்தான். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் இந்தப் பகுதி கம்பெனியின் கைக்குப் போனது. புதிதாகக் கிடைத்த நாட்டில் என்ன விளைகிறது, யார் யார் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுக்க வெல்லஸ்லி பிரபு 1800-இல் பிரான்சிஸ் புக்கானனை அனுப்பினார். அதே ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி கோவைக் கோட்டையில் இருந்த கம்பெனிப் படையைத் தாக்கும் முயற்சி நடந்து தோற்றது. பிடிபட்டவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தூக்கிலிட்டார்கள். தூக்கு நடந்த ஊர்களில் தாராபுரமும் ஒன்று. ஒருவன் பயிரை எண்ணிக்கொண்டு போன வருடத்தில் இன்னொருவன் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

தீரன் சின்னமலை பற்றி எல்லோருக்கும் தெரியும். மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்து வாங்கிக்கொண்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டது என்று போய்ச் சொல் என்றாராம். இதைவிட நல்ல வெஸ்டர்ன் தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. முடிவும் அப்படியே: சமையல்காரன் காட்டிக்கொடுத்தான் என்கிறது வாய்மொழி, 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கு. ஆடிப்பெருக்குக்கு மாலை போடுகிறோம். போட வேண்டியதுதான். ஆனால் சிலையாக்கி மாலை போட்ட பிறகு அந்த உடம்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கழுத்து இறுகியது, கால் துடித்தது, எதிரே நின்றவர்கள் வீட்டுக்குப் போய் அன்றிரவு சோறு தின்றது, இதெல்லாம் போய்விடுகிறது.

குண்டடத்துக்கு உக்கிரம் புதிதல்ல. கொங்கு வடுகநாதர் என்று பைரவரைக் கும்பிடுகிற ஊர். மிளகுப் பொதியை வைத்துக்கொண்டு பயறு என்று பொய் சொன்ன வணிகனுக்கு மிளகெல்லாம் பயறாகிப்போன கதை இந்தக் கோயிலுடையது. அங்கே தண்டனைக்கு ஒரு கணக்கு இருக்கிறது: பொய்க்கு இழப்பு, மன்னிப்புக் கேட்டால் மீட்பு. ஹில்கோட் படத்தில் அந்தக் கணக்கு இல்லை. அடிபடும் பையன் மூவரில் குறைந்த குற்றம் செய்தவன்.

*

2024 பொங்கலுக்கு வந்த அருண் மாதேஸ்வரனின் ‘கேப்டன் மில்லர்’ படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1930-கள். தாங்கள் எழுப்பிய கோயிலுக்குள்ளேயே நுழைய முடியாத ஊரிலிருந்து ஈசன் (தனுஷ்) மரியாதை தேடி வெள்ளைக்காரப் பட்டாளத்தில் சேர்கிறான். சொந்த மக்களைச் சுடச்சொல்லி உத்தரவு வருகிறது. சுடுகிறான். அந்தக் காட்சி இருக்கும் வரை படம் நேர்மையானது. சாதி என்ற வேலியை வெஸ்டர்னுக்குள் கொண்டுவந்தது சாதாரண வேலையும் இல்லை. அதற்குப் பிறகு துப்பாக்கி தனுஷின் கைக்குப் போகிறது. நாம் கைதட்டத் தொடங்கிவிடுகிறோம். கைதட்டும்போது சுட்ட உடம்பு மறந்துபோகிறது. நானும்தான் தட்டினேன். தட்டத்தக்க விதமாகவே எடுத்திருக்கிறார்கள்.

ஹில்கோட் அந்த வாய்ப்பையே கொடுப்பதில்லை. கடைசியில் சார்லி அண்ணனைச் சுடுகிறான்; அது வெற்றி இல்லை. தம்பி ஏற்கெனவே செத்துவிட்டான். பேரத்துக்கு அர்த்தமே போய்விட்டது. ஸ்டான்லி உயிரோடு இருக்கிறான், நொறுங்கி. யார் பக்கமும் சாய நமக்கு இடம் கிடைப்பதில்லை.

ஒரே ஓர் ஆள் தப்பிக்கிறான். ஸ்டான்லி வீட்டில் வேலை செய்யும் பழங்குடி டோபி. கிறிஸ்துமஸுக்கு முன், யாரிடமும் கோபித்துக்கொள்ளாமல், காலில் இருந்த ஷூவைக் கழற்றி அந்த ரோஜாத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்துபோகிறான். சில நொடிக் காட்சி. படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

*

குறைகளும் உண்டு. ஜான் ஹர்ட் நடித்த குடிகார ஆள்வேட்டைக்காரன் பேசுகிற பேச்சு நாடகமேடைக்குரியது. பழங்குடிகளின் பேரில் வருத்தப்படுகிற படம், அவர்களுக்குப் பேச அதிகம் இடம் தரவில்லை. வெல்ஷின் புத்தகத்துக்கும் இதே குறைதான்: துரைசாமி என்ன நினைத்தார் என்பது அதில் கிடையாது, அவரைப் பார்த்து வெல்ஷ் என்ன நினைத்தார் என்பது மட்டும் இருக்கிறது.

படத்தைப் பார்க்க நினைப்பவர்கள் குழந்தைகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள். சவுக்கடிக் காட்சியை ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டாம். அதை ஓட்டுவதானால் படத்தையே பார்க்காமல் இருக்கலாம். பார்த்த கையோடு 1830-இல் லண்டனில் வெளியான வெல்ஷின் ராணுவ நினைவுகளைத் தேடி எடுங்கள். இரண்டு தொகுதிகள். மருது வரும் பக்கங்கள் கொஞ்சம்தான், ஒரே இருப்பில் படித்துவிடலாம்.