வேட்டை ஆகும், எந்த வேட்டை?

வடகிழக்குப் பருவமழை பெய்து, திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள ஏரிகளில் நீர் ஏறிவிட்டால் வாத்துக் கூட்டங்களும் வந்து இறங்கிவிடுகின்றன. புள்ளிமூக்கு வாத்தும் சீழ்க்கைச் சிறகியும் நம் நாட்டிலேயே குஞ்சு பொரித்து வாழ்பவை. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இமயமலைக்கு அப்பாலிருந்து நெடுந்தூரம் பறந்து வருபவை. இவற்றைக் காணும் நம் வாலிபர்கள் சிலருக்குக் கை துறுதுறுக்கிறது. ஏர்கன் ஒன்று வாங்கிப் பழகலாமா, கண்ணி வைக்கலாமா, பிடித்து வந்தால் வீட்டில் சமைக்கலாமா என்று நம்மிடம் கேட்கின்றனர். அமெரிக்காவிலும் கனடாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளோ, உடன் வேலை செய்பவர்கள் லைசென்சு எடுத்து வாத்து வேட்டைக்குப் போகும்போது தங்களையும் அழைப்பதாகவும், போவது கூடுமா என்றும் கேட்டு எழுதுகின்றனர். கேள்வி ஒன்றே, விடை எல்லோருக்கும் ஒன்றன்று.

வேட்டை அடிப்படையில் ஹலால் என்பதில் ஐயமில்லை. திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் 4-ஆம் வசனம், பயிற்றுவிக்கப்பட்ட பிராணிகள் பிடித்துத் தருவதை அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ண அனுமதி அளிக்கிறது. வாத்தும் கூர்நகத்தால் இரையைக் கிழிக்கும் இனமன்று. அதன் இறைச்சி ஆகுமானதே. இதுவரை சொன்னதைக் கேட்டதும் நம் வாலிபர் எழுந்து போய்விடுகிறார். மஸ்அலாவே இனிமேல்தான் தொடங்குகிறது.

ஓர் உயிரைப் போக்குமுன் நாம் ஏன் பிஸ்மில்லாஹ் சொல்கிறோம்? இந்த உயிர் எனக்குச் சொந்தமானதன்று, இதற்கு உரியவன் வேறொருவன், அவன் அனுமதித்த காரியத்துக்காக அவன் அனுமதித்த அளவில் எடுக்கிறேன் என்பதே அதன் பொருள். முபாஹ் என்ற சொல்லை 'என் இஷ்டம்' என்று விளங்கிக் கொண்டவர்கள் இங்கேதான் தடுமாறுகின்றனர். ஒரு சிட்டுக்குருவியையோ அதைவிடப் பெரியதையோ அதன் உரிமையின்றிக் கொன்றவனை அல்லாஹ் விசாரிப்பான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அதன் உரிமை என்னவென்று கேட்கப்பட்டபோது, அறுத்து உண்பதுதான், தலையைத் துண்டித்து எறிந்துவிடுவதன்று என்று விளக்கம் தந்தார்கள். உண்பதற்காக அடிப்பது வேறு, அடிப்பதற்காக அடிப்பது வேறு என்பது இதிலிருந்து தெளிவாகிறது. வேட்டையின் பின்னாலேயே அலைகிறவன் மறதியில் வீழ்ந்து விடுகிறான் என்ற கருத்திலும் ஹதீஸ் உண்டு. விடியுமுன் எழுந்து ஏரிக்கரைக்குப் போகிறவர் ஃபஜ்ருத் தொழுகையை எங்கே தொழுதார் என்று அவருடைய வீட்டார் கேட்டுப் பார்க்கட்டும்.

"கடையில் கோழி வாங்கித் தின்கிறீர்களே, அதற்கும் உயிர்தானே?" என்று ஓர் இளைஞர் நம்மிடம் வாதித்தார். நியாயமான கேள்வி. கூண்டிலேயே வளர்ந்து கூண்டிலேயே முடியும் பிராய்லர் கோழியைவிட, வானத்தில் பறந்து ஒரு நாளில் மடியும் வாத்தின் வாழ்வு மேலானதுதான். தன் கையால் அறுப்பவன், கிலோக் கணக்கில் வாங்கி வருகிறவனைவிட உயிரின் விலையை அறிந்திருக்கவும் கூடும். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கறிக்கடைக்காரரின் கத்தி கைக்கு வந்த கோழியைத்தான் தொடுகிறது. வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவிலிருந்து சிதறும் ஈயக் குண்டுகள் கூட்டத்தில் எத்தனையைத் தொட்டன என்பது சுட்டவனுக்கே தெரியாது. இறகில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாகத் தாங்கிக்கொண்டு பறந்து போய், கோரைப் புல்லுக்குள் கிடந்து சாகும் வாத்தை யார் அறுத்து உண்டார்கள்? அதன் உரிமையை யார் கொடுத்தார்கள்?

புதிதாகப் பழகுகிறவரே இந்தக் குற்றத்துக்கு அதிகம் ஆளாகிறார். அவருக்குக் குறி தவறும்; தூரம் தெரியாது. உயிருள்ள எதையும் குறிப்பொருளாக வைக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒரு பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து பழகிக் கொண்டிருந்த குறைஷி வாலிபர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்த செய்தியும் பதிவாகியுள்ளது. கட்டி வைக்காமல் நீரில் மிதக்கும் வாத்தின்மீது கைப்பழக்கம் செய்கிறவருக்கும் அந்தக் கண்டனத்தில் பங்கு உண்டு என்றே நாம் கருதுகிறோம். களிமண் தட்டும் பலகையும் இருக்க, பழகுவதற்கு உயிர் எதற்கு?

இனித் துப்பாக்கியின் சட்டம். வேட்டையாடும் கூட்டத்தைச் சேர்ந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்டபோது, எறிகோலின் கூர்முனை தைத்ததை உண்ணலாம், அகலப் பகுதி மோதிச் செத்ததை உண்ணலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். ஈயக் குண்டுக்கு வெட்டும் முனை கிடையாது. அது வேகத்தாலும் கனத்தாலும் துளைக்கிறது. எனவே அதனால் செத்த பறவை கூடாது என்று ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) எழுதியுள்ளார்கள். மாலிகீ அறிஞர்களில் சிலர் ஆகும் என்றனர். நம் பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபீகள். அவர்களுக்கும், இதே கருத்துள்ள ஷாஃபிஈ சகோதரர்களுக்கும் சட்டம் இதுதான்: சுட்டு வீழ்த்திய வாத்தை உயிர் இருக்கும்போதே எட்டிப் பிடித்து அறுத்தால் ஹலால், செத்த பிறகு கத்தி வைத்துப் பயனில்லை.

வாத்து விழுவதோ தண்ணீரில். அம்பு பட்டு நீரில் விழுந்து செத்ததை, கொன்றது அம்பா நீரா என்று தெரியாததால் உண்ண வேண்டாம் என்றும் அதே அதீ (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. நீர்ப்பறவையின் காயம் தண்ணீரில் மூழ்கியதா இல்லையா என்றுகூட நம் ஃபுகஹாக்கள் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். சந்தேகத்தை வயிற்றுக்குள் போடக் கூடாது என்பதில் அவர்களுக்கு இருந்த கவலை அவ்வளவு!

அடுத்து நாட்டின் சட்டம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் சிறு வேட்டைக்கு லைசென்சு தர இடமளித்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாசலை மூடிவிட்டது. 2022-இல் பட்டியல்கள் மாற்றி அமைக்கப்பட்ட பின்னும் தடை நீடிக்கிறது. சுடுவது மட்டுமன்று, கண்ணி வைப்பதும் வலை விரிப்பதும் முட்டை எடுப்பதும் வேட்டையாகவே கருதப்படும். முபாஹான ஒன்றைப் பொதுநலம் கருதி ஆட்சி தடுத்தால் அதற்குக் கட்டுப்படுவது கடமை என்பது நம் நூல்களில் உள்ள விதிதான். வயிற்றுப்பாட்டுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்த நரிக்குறவர் மக்களுக்கும் இந்தச் சட்டம் விலக்களிக்கவில்லை. மாதச் சம்பளம் வாங்கும் நம் பிள்ளைக்கு என்ன நிர்ப்பந்தம்?

பறவைக்கு அபயம் அளிக்கும் இடம் என்பது நமக்குப் புதிதன்று. மக்காவின் ஹரம் எல்லையில் வேட்டைப் பிராணியை விரட்டவும் கூடாது. மதீனாவுக்கும் நபி (ஸல்) அவர்கள் அத்தகைய எல்லை வகுத்தார்கள். நம் பக்கத்திலேயே வேடந்தாங்கல் மக்கள், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடுவதாக முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இதற்கு மாறாக, 1938 நவம்பரில் பரத்பூர் ஏரியில் வைஸ்ராய் லின்லித்கோவின் வேட்டையில் ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்ந்தன. உண்பதற்கா அத்தனையும்? அந்த இடம் பின்னாளில் சரணாலயமாகப் பாடுபட்டவர்களில் ஸாலிம் அலீயும் ஒருவர். சிறுவயதில் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டவர்தான் அவரும். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருப்பதைக் கண்டு, என்ன குருவி இது என்று விசாரிக்கத் தொடங்கியவர், பறவை ஆராய்ச்சியிலேயே ஆயுளைக் கழித்தார்.

வெளிநாட்டில் சட்டப்படி வேட்டைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நாம் சொல்வது: அந்நாட்டார் வைத்திருக்கும் பயிற்சியை முதலில் முடியுங்கள். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு 1991 முதல் முற்றாகத் தடை. வேறு உலோகம் என்பதால் மட்டும் மேற்சொன்ன மஸ்அலா மாறிவிடாது. சுடும்போது பிஸ்மில்லாஹ் சொல்லுங்கள். கூர்மையான கத்தி இடுப்பில் இருக்கட்டும். ஓடிப்போய் உயிரோடு எட்ட முடியாத தூரத்தில் சுடாதீர்கள். உண்ணும் அளவுக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம்.

நம்மூர்த் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மகன் ஏரியிலிருந்து வாத்தோடு வந்து நின்றால், எப்படிச் செத்தது, யார் அறுத்தது என்று கேளுங்கள். மருந்து கலந்த நெல்லைத் தின்று மயங்கிய பறவையாகவும் இருக்கலாம். அது தின்பவர் உயிருக்கே ஆபத்து. உயிர் இருக்கும்போதே முறைப்படி அறுத்திருந்தால் அந்த இறைச்சி செத்த பிராணியின் இறைச்சி ஆகிவிடாது. ஆனால் பிடித்தவர் குற்றவாளியே. அதை அடுப்பில் ஏற்றினால் அடுத்த வாரமும் கொண்டு வருவார். உயிரோடு இருந்தால் ஏரியிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். காயம் பட்டிருந்தால் வனத்துறையினரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். வாத்துக்கறிதான் ஆசை என்றால், அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சலுக்கு வரும் வளர்ப்பு வாத்து விலைக்குக் கிடைக்கிறது.