கண் நிறைந்தால் போதுமா?

ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஆலய முற்றத்தில் கூடும் இளைஞர்களின் பேச்சைச் சற்றே செவிமடுத்தால், திரைப்படப் புதிர்கள் பறந்துகொண்டிருப்பதைக் கேட்கலாம். எந்தப் படத்திற்கு எத்தனை கோடி செலவு? முதல் வார வசூல் எவ்வளவு? அந்தச் சண்டைக் காட்சியை எடுக்க எத்தனை நாள் பிடித்தது? இதற்காக அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு வாயில்லை. தண்டையார்பேட்டை அகஸ்தியா அரங்கில் எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்பதை மறைக்கல்விப் பாடத்தைவிடப் பிழையின்றி ஒப்பித்த தலைமுறை நம்முடையது. 1967-இல் தொடங்கிய அவ்வரங்கு 2020-இல் மூடப்பட்டுவிட்டது. கணக்குப் பார்க்கும் பழக்கம் மூடப்படவில்லை. நாளாக இருந்தது கோடியாகியிருக்கிறது.

இப்புதிர்களில் பெரும்பாலானவை அளவைப் பற்றியவை. ஆயினும் நாடு முழுவதும் ஒலித்த ஒரு புதிர் மட்டும் வேறுவகையானது. 2015 ஜூலையில் 'பாகுபலி' வெளிவந்தது. அருவியும் கோட்டையும் போர்க்களமுமாகக் கண்ணை நிறைத்த படம் அது. அடுத்த பகுதி 2017 ஏப்ரலில் வரும்வரை மக்கள் கேட்டுக்கொண்டிருந்ததோ அருவியின் உயரத்தை அன்று. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்பதையே. அரியணைக்கு வாக்குத் தந்த ஓர் ஊழியன், தான் நேசித்தவனையே முதுகில் குத்துவானேன்? இது அறம் பற்றிய வினா. பிரம்மாண்டத்தின் உச்சத்திலும் மனித மனம் கதையைத்தான் பற்றிக்கொண்டது.

பிரம்மாண்டம் கதையை விழுங்கிவிட்டது என்ற முறையீடு புதிதன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்தின் ஆறு உறுப்புகளைக் கூறுமிடத்துக் கதையமைப்பை முதலிலும் காட்சியை இறுதியிலும் வைத்தார். குருமடத்தில் அதைப் படித்த நாளிலிருந்தே அவ்வரிசையை அப்படியே ஏற்க நமக்குத் தயக்கமுண்டு. தேர்ப்பவனியும் வண்ண விளக்கும் வாண வேடிக்கையும் இல்லாத திருவிழாவை ஏற்காத நாம், காட்சியைப் பழிப்பது பொருந்துமா?

1948-இல் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட 'சந்திரலேகா'வை எடுத்துக்கொள்வோம். அதன் முரசு நடனத்தை இன்றும் வியந்து பேசுகிறார்கள். மாபெரும் முரசுகளின்மேல் பெண்கள் ஆடுகின்றனர். கொடுங்கோலனாகிய இளவரசன் மயங்கிப் பார்க்கிறான். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள் ஒளிந்திருந்த வீரர்கள் வெளிப்பட்டுக் கோட்டையைத் தாக்குகின்றனர். அந்த நடனத்தை வெட்டிவிட்டால் கதை நகராது. பார்ப்பவனின் கண்மயக்கமே அங்குக் கதையாகிவிடுகிறது. அதே படத்தின் சர்க்கஸ் பகுதியை இவ்வளவு புகழ நமக்கு மனமில்லை. குகை வாயிலை அடைத்த பாறையை யானைகள் அகற்றும் இடம் நீங்கலாக, அதிற் பாதியைக் குறைத்தாலும் குடி முழுகிவிடாது.

அதே ஆண்டு, அதே வாசன், நம் கத்தோலிக்க ஊர்களில் விடிய விடிய ஆடப்பட்ட ஞானசௌந்தரி கதையையும் படமாக்கினார். கைகள் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட பெண்ணுக்கு அன்னை மரியா கைகளைத் திரும்ப அருளும் கதை நம் பாட்டிமார் அறிந்ததே. சிட்டாடல் நிறுவனமும் அதையே எடுத்து முந்திக்கொண்டது. மக்கள் சிட்டாடல் படத்தைக் கொண்டாடினர். ஜெமினியின் படம் தோற்றது. முந்தியதும் ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் நாட்டையே வியக்கவைத்த செல்வமும் திறமும் அந்தப் பெண்ணின் கண்ணீருக்கு முன் உதவவில்லை என்பது எண்ணத்தக்கது.

ஆகவே, காட்சி பெரிதா சிறிதா என்பதைவிட, அது பார்ப்பவனை என்ன செய்கிறது என்பதே நம் கேள்வி. புனித அகுஸ்தினார் தம் ஒப்புதல்கள் நூலின் ஆறாம் பகுதியில் நண்பர் அலிப்பியுஸைப் பற்றிக் கூறுகிறார். உரோமையில் சட்டம் பயின்ற அவரை உடன் பயின்றோர் வாட்போர் அரங்குக்கு இழுத்துச் சென்றனர். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒருவன் வீழ்ந்தபோது எழுந்த ஆரவாரம் கேட்டுக் கண் திறந்தார், அவ்வளவுதான். குருதி வெறி அவரையும் பற்றிக்கொண்டது. தனி மனிதராக உள்ளே வந்தவர் கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துபோனார். இதற்கு நேர் எதிராக, மாடியிலிருந்து கண்ட காட்சியால் தவறிய தாவீதிடம் இறைவாக்கினர் நாத்தான் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய சிறு கதையோடு வந்தார். கேட்டுச் சினந்த அரசனிடம், அந்த மனிதன் நீரே என்றார். அக்கதை அவனைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனியே நிறுத்தியது.

நம்மிற் பலர் பார்த்த 'பென்-ஹர்' (1959) பதினோர் ஆஸ்கர் விருதுகள் பெற்றது. தேரோட்டப் பந்தயத்தை மறந்தவர் இலர். ஆனால் பந்தயத்தில் பகைவன் மடிந்தபின்னும் யூதாவின் வெறுப்பு மடிவதில்லை; படமும் முடிவதில்லை. அடிமையாய் இழுத்துச் செல்லப்பட்டபோது தனக்குத் தண்ணீர் தந்தவருக்கு, அவர் சிலுவை சுமக்கும் வழியில் அவன் தண்ணீர் கொண்டு ஓடுகிறான். அவ்வளவு பெரிய படத்தில் கிறிஸ்துவின் முகம் ஒருமுறைகூடக் காட்டப்படவில்லை.

இனி நம் பகுதிக்கு வருவோம். ராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகப் பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும் குறுகிய சந்துகளும் திரைக்கு நல்ல காட்சிகள். அவற்றோடு கத்தியும் குருதியும் சேர்ந்துவிட்டால் வடசென்னை ஆயிற்று! விலையைத் தருவோர் நம் பிள்ளைகள். வேலை தேடிப் போகுமிடத்தில் முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதை அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 'வடசென்னை'யில் (2018) கத்தி மிகுதி என்பது நம் எண்ணம். ஆயினும் கடலோர நிலம் யாருக்கு என்ற கேள்வி அதன் அடியில் இருக்கிறது. 'மெட்ராஸ்' (2014) ஒரு குடியிருப்புச் சுவரை வைத்தே கதை சொன்னது. 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) விழும் ஒவ்வொரு குத்துக்கும் பின்னால் ஒரு தாயின் அச்சமும் ஒரு வாத்தியாரின் மானமும் நிற்கின்றன. இம்மூன்றும் ஒன்றல்ல என்று நம் இளைஞர்கள் பிரித்தறிய வேண்டும். எந்தப் படத்தில் நம் தெரு மனிதனுக்குப் பெயரும் காரணமும் இருந்தன, எதில் அவன் வெட்டுண்டு விழ மட்டும் வந்தான் என்று கேட்கலாமே! அது வசூல் கணக்கைவிடச் சுவையான புதிர்.

கண்ணின் பழக்கம் அரங்கோடு நிற்பதில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் எண்ணெய் ஒதுங்கியது. வாளிகளால் அதை அள்ளியவர்களைப் படமெடுக்கப் படக்கருவிகள் வரிசையில் நின்றன. அலையின் கருமை நீங்கியதும் அவையும் நீங்கின. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் பரவியபோதும் அதே கதை. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் ஆண்டுக்கணக்காகச் சாம்பல் படிந்துவருவதோ காட்சியே ஆவதில்லை. அதில் வெடிப்பு இல்லை, ஓட்டம் இல்லை. எண்ணெய் தோய்ந்த வலைக்கு மாற்று வலை வாங்கக் கடன். மீனைக் கொண்டுபோனால் எந்தக் கடல் மீன் என்று கேட்டு, வாங்காமலே நகர்ந்துபோகும் மக்கள். இதைப் படமாக்க முரசும் யானையும் வேண்டியதில்லை. ஒரு கூடை மீனும், கூடைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் ஒருத்தியும், அவளுக்கு ஒரு பெயரும் வேண்டும். நம் பங்கு இளைஞர் எல்லார் கையிலும் இன்று படமெடுக்கும் கைப்பேசி இருக்கிறது.