அடைமொழியும் ஆன்மாவும்

ஆங்கிலத்தில் 'ஒயிட்' என்பது சிறுகுழந்தையும் அறிந்த சொல். காகிதத்தைக் குறிக்கும்போது அது வெண்மை. பால் கலந்த காப்பியைக் குறிக்கும்போது பழுப்பு. பொய்யோடு சேர்ந்தால் தீங்கின்மை. யானையோடு சேர்ந்தால் பயனற்ற பெருஞ்செலவு. தமிழிலும் 'வெள்ளை மனம்' கள்ளமின்மை, 'வெள்ளறிவு' அறியாமை. அடைமொழி தான் சார்ந்த பொருளுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கிறது.

மனிதரைச் சார்ந்தபோது அது என்னவாயிற்று என்பதைக் கொச்சியின் மட்டாஞ்சேரியில் காணலாம். அங்குள்ள பரதேசி யூத ஆலயம் 1568-இல் எழுப்பப்பட்டது. ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தோரின் வழியினர் 'வெள்ளை யூதர்' எனப்பட்டனர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பே மலபாரில் வாழ்ந்தோர் 'கறுப்பு யூதர்' எனப்பட்டனர். இருசாராருக்கும் இறைவன் ஒருவனே, மறைநூலும் ஒன்றே. நிறத்தின் பெயரால் வழங்கிய அச்சொல் உண்மையில் சுட்டியது வம்சத்தை. விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததியாருக்கோ பரதேசி ஆலயத்தினுள் பிறரோடு சமமாக அமரவும் உரிமை இருக்கவில்லை.

அச்சந்ததியில் பிறந்தவர் வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967). காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியை அவர் தமது ஆலயத்தினுள்ளேயே கைக்கொண்டார். தடைகள் மெல்லமெல்லத் தளர்ந்தன. ஆயினும் 1950-இல் அவருடைய மகன் 'வெள்ளை' வகுப்புப் பெண்ணை மணந்தபோது, திருமணம் பம்பாயில்தான் நடக்க முடிந்தது.

பின்னர்ப் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். யூதரின் கூட்டு வழிபாட்டிற்குப் பத்து ஆடவர் வேண்டும் என்பது மரபு. உள்ளூரில் அந்தப் பத்துப் பேரும் கிடைக்காத நாள் வந்தது. பத்து என்ற எண்ணுக்கு நிறம் ஏது?

இதைப் பிறர் குறையாகக் கருதி நாம் மகிழ்வதற்கில்லை. திருவிதாங்கூரில் 1936-இல் எல்லா இந்துக்களுக்கும் திறந்த ஆலயக் கதவுகள், கொச்சி அரசில் திறக்க மேலும் பதினோராண்டுகள் ஆயின.

செம்பருத்தியின் அருகே வைத்த படிகம் சிவப்பாகத் தோன்றும். மலரை விலக்கினால் படிகம் படிகமே. அருகிருந்து தன் தன்மையை ஏற்றிக் காட்டும் அம்மலரை வேதாந்தம் உபாதி என்கிறது. நிறம், குலம், பட்டம் யாவும் இத்தகைய உபாதிகளே. பிறரை நோக்கும்போது நம் நாவில் முதலில் எழும் அடைமொழியைக் கவனிப்போமாக. அதை ஒரு கணம் விலக்கிப் பார்ப்பதும் சாதனையே. விலக்கியபின் எஞ்சி நிற்பவனையே நாம் ஆலயத்தில் தேடுகிறோம்.