தனியே நிற்கும் ஒன்று

கொடிகாமம் சந்தையில் ஒரு காலைநேரம். தேங்காய் விற்கும் ஆச்சி ஒருவர் சாக்கைக் கவிழ்த்துக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஐந்தைந்தாக வைத்தார், ஒன்று மிஞ்சியது. கலைத்து மும்மூன்றாக வைத்தார், அப்போதும் ஒன்று. சோடி சோடியாக வைத்தும் ஒன்று. "என்ன தம்பி, எப்பிடி வச்சாலும் ஒண்டு தனிய நிக்குது?"

எண்ணிப் பார்த்தேன். 31 காய்.

31 ஒரு முதன்மை எண். சமவரிசைக்கு அது அடங்காது. அதுவும் ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரு காயே நின்றதற்குக் காரணம் இருக்கிறது: இரண்டையும் மூன்றையும் ஐந்தையும் பெருக்கினால் 30, அதற்கு மேலே ஒன்று. யூக்கிளிட் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் பிடித்துக்கொண்டதும் இந்த மிச்சத்தைத்தான். கையிலுள்ள முதன்மை எண்கள் அத்தனையையும் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். அவற்றில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். அப்படியானால் கையில் இல்லாத முதன்மை எண் ஒன்று இருந்தே தீரவேண்டும். எத்தனை சேர்த்தாலும் இதே கதைதான். முதன்மை எண்களுக்கு முடிவில்லை.

ஐந்து இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தாலும் 31தான். இந்தச் சாதி எண்களை மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயரால் அழைப்பார்கள். 2024 ஒக்டோபரில் லூக் டியூரன்ட் என்பவர் கண்டறிந்த எண்ணும் இதே குடும்பம்: 136,279,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. அதுவரை அறிந்த முதன்மை எண்கள் எல்லாவற்றிலும் பெரியது. அதில் 41,024,320 இலக்கங்கள். விநாடிக்கு ஓர் இலக்கமாக இரவு பகல் வாசித்தாலும் 474 நாள் தாண்டிவிடும்.

இவ்வளவு பெரிய எண்ணை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து முடியுமா? முடியாது. வகுக்காமலே அறிய ஒரு வழியை லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் கண்டார், பின்னர் லேமர் என்ற கணிதர் அதைச் செப்பமாக்கினார். எனக்கு நெஞ்சு நிறைவது அங்கேதான். 31ஐயே சோதித்துப் பார்ப்போம். 4இல் தொடங்குங்கள். அதை அதாலேயே பெருக்கி இரண்டைக் கழித்தால் 14. மறுபடி அப்படியே செய்தால் 194. அதை 31ஆல் வகுத்தால் மீதி 8. அந்த 8ஐ வைத்து இன்னொரு தடவை: 62. அது இரண்டு 31; மீதி இல்லை. ஐந்து இரண்டுகள் என்றால் மூன்று தடவை, அதாவது இரண்டு குறைய. கடைசியில் மீதி பூச்சியமானால் முதன்மை எண்; இல்லாவிட்டால் இல்லை. இந்த வழியின் தொடக்க வடிவத்தைக் கொண்டு லூக்கா 1876இல், கணினி இல்லாத காலத்தில், 39 இலக்க எண் ஒன்றை முதன்மை என்று நிறுவினார். 75 ஆண்டுகள் அதை மிஞ்ச ஆளில்லை.

மெர்சென் முதன்மை எண்களில் இதுவரை 52 கிடைத்திருக்கின்றன. அவையும் முடிவில்லாமல் வருமா என்பதை இன்னும் எவரும் நிறுவவில்லை.

ஏழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127. ஒரு கடதாசியை எடுத்து 4இல் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் 127ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போங்கள். ஐந்தாம் தடவை 12,319 வரும். அதை 127ஆல் வகுத்துப் பாருங்கள்.