தன் எலும்பைத் தானே கண்ட வேந்தன்

பழவங்காடி வாழ் அன்பர்களே!

நம் ஊரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் சென்றால் குமரித்துறையை அடையலாம். அத்துறையில் நீராட வேண்டி வாரணாசியிலிருந்து நெடுவழி நடந்தாள் சாலி என்னும் பார்ப்பனி. வழியில் அவள் ஈன்று, தோட்டமொன்றில் விட்டுச் சென்ற மகவின் வரலாற்றைச் சீத்தலைச் சாத்தனார் மணிமேகலையில் உரைத்துள்ளார்.

அழுத குழவியை ஓர் ஆ அணுகி, நாவால் நக்கி, ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. அதனால் அவன் ஆபுத்திரன் எனப்பட்டான். இளம்பூதி என்னும் அந்தணன் அவனை எடுத்து வளர்த்து, ஓதுவித்தான். பின்னர், வேள்விக்கெனக் கட்டப்பட்டு நடுங்கி நின்ற பசுவொன்றை அவன் இரவில் மீட்டான். ஊரார் அடித்தனர், பிறப்பைச் சொல்லி இகழ்ந்தனர், வளர்த்த தந்தையும் கைவிட்டான். மதுரையை அடைந்து, பிச்சையேற்றுக் குருடர்க்கும் செவிடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, எஞ்சியதை உண்டு, ஓட்டையே தலையணையாக்கித் துயின்றான். சிந்தாதேவி அவனுக்கு வற்றாத அமுதசுரபியை ஈந்தாள்.

‘பசு பிள்ளை வளர்ப்பதும், பாத்திரம் வற்றாதிருப்பதும் கற்பனையன்றோ?’ என்பீர்கள். ஆம், கற்பனையே. எனினும் மேலே கேளுங்கள். மழை பொழிந்து நாடு செழித்தது. உண்பாரைத் தேடியும் ஒருவரும் கிட்டவில்லை. பசியால் வாடிய சாவக நாட்டிற்குக் கப்பலேறினான். இடையே மணிபல்லவத்தில் அவன் இறங்கியிருக்க, கப்பல் அவனை விட்டுச் சென்றது. பலர்க்கு ஊட்டும் கலத்தைத் தன் ஒரு வயிற்றிற்கு வைத்திருத்தல் தகாதெனக் கருதி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விடுத்து, உண்ணாது உயிர் நீத்தான்.

மறுபிறப்பில் அவனே சாவக வேந்தன் புண்ணியராசன் ஆனான். மணிமேகலையின் சொல்வழி மணிபல்லவம் வந்து, மணலைத் தோண்டித் தன் பழைய எலும்பைத் தானே கண்டு மயங்கினான்.

அன்பர்களே! தன்னை அறிதல் என்பதை நாம் பெரும்பாலும் தனிமையில் அமர்ந்து உள்ளத்தைத் துருவுதல் எனவே எண்ணுகிறோம். அரசன் கண்டது யாது? எலும்புதான். ‘நான், எனது’ என்று பற்றியதெல்லாம் மணலடியில் கிடந்தது. அழியாது தொடர்ந்து வந்தது அவன் செய்த நல்வினை ஒன்றே.

அப்போது மணிமேகலை அவனை நோக்கி, ‘அரசைத் துறந்து வா’ எனக் கூறினாளில்லை. உயிர்கட்கெல்லாம் உணவும் உடையும் உறையுளும் அளிப்பதே அறம் என எடுத்துரைத்தாள். அவனும் அவ்வறம் செய்ய இசைந்தான். தன்னை அறிந்தவன் சென்று சேர வேண்டிய இடம் பிறர் பசி நிற்கும் வாயிலே.

நமக்கு அமுதசுரபி வாய்த்திலது. ஆயினும் நம் ஊரின் பெயரிலேயே அங்காடி உளது. சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்து, நண்பகலில் வெறுவயிற்றோடு நிற்பான் ஒருவனைக் கண்டால், ‘நீ எவ்வூர், என்ன குலம்?’ என வினவாதீர்கள். பசு வினவவில்லை. முதலில் சோறிடுங்கள். நாம் யார் என்பது அக்கணமே நமக்கு விளங்கத் தொடங்கும்.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க!