பாதியில் வைத்த கூடை

வீட்டு வேலைக்கு ஒரு குணம் உண்டு. செய்தது நிற்காது. காலையில் துலக்கிக் கவிழ்த்த பாத்திரம் பத்து மணிக்குள் மறுபடி தொட்டிக்கு வந்துவிடும். துவைத்து மடித்து வைத்த சட்டையில் மாலைக்குள் சாம்பார் சிந்தியிருக்கும். கதை சொல்லிக் கெஞ்சி ஊட்டிய பருப்புச் சோறு ஒரு தூக்கத்தில் செரித்துப்போய், எழுந்ததும் பிள்ளை பசி என்று அழும். இதில் யார்மீதும் குற்றமில்லை. உயிர்ப்புள்ள வீடு அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த வேலையையெல்லாம் செய்கிறவளுக்கு, இரவில் விளக்கை அணைக்கும்போது, "இன்றைக்கு நான் செய்தது இது" என்று காட்ட ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை.

நம் நாட்டில் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று மத்திய அரசு 2024இல் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள். ஆண்களுக்கு அது 88 நிமிடம். பெண்ணின் கணக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை, அது தனிக் கணக்கு. இந்த எண்களைப் படித்தபோது எனக்கு நேரத்தைவிட அதன் தன்மைதான் உறைத்தது. அந்த ஐந்து மணி நேரமும் ஒரே நீட்டாகக் கிடைப்பதில்லை. அடுப்பில் பால், தூளியில் பிள்ளை, வாசலில் தண்ணீர்க் கேன்காரர் என்று துண்டு துண்டாகத்தான் அது நடக்கிறது. ஒரு தாயின் நாள் முழுக்க மற்றவர்களின் தேவையால் வெட்டப்பட்ட நாள்.

இதற்கு நடுவில் அவளுக்கென்று ஓர் உடம்பும் இருக்கிறது.

பிள்ளை பெற்ற முதல் சில மாதங்கள் நம் ஊரில் அந்த உடம்பை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். தாய் வீட்டில் பூண்டுக் குழம்பு உண்டு, பால்சுறா புட்டு உண்டு, பிரசவ லேகியம் உண்டு. காதில் பஞ்சு வைத்து, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கவிடாமல் அம்மா அதட்டுவாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கணவன் வீட்டில் கொண்டுவந்து விட்ட பிறகு அந்தக் கவனம் முழுவதும் பிள்ளைமேல் போய்விடுகிறது. வருகிறவர்கள் எல்லாரும் "பாப்பா நல்லா பால் குடிக்குதா?" என்றுதான் கேட்கிறார்கள். தடுப்பூசி அட்டையில் ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம் என்று பிள்ளைக்குத் தேதி இருக்கிறது, எடை குறிக்கக் கட்டம் இருக்கிறது. அந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவளுக்கு அப்படி ஒரு தேதி இல்லை.

தேதி இல்லாததால் நோயும் இல்லை என்று ஆகிவிடுமா? 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருத்திக்கும் மேல். படியேறினால் மூச்சு வாங்குவது, உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டுவது, காரணமில்லாமல் எரிச்சல் வருவது என்று அது வீட்டுக்குள் நடமாடுகிறது. வீடு அதற்கு வைத்திருக்கும் பெயர் "சோம்பல்" அல்லது "கோபக்காரி". பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள், தினம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும் என்பது அரசுத் திட்டம். மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. வயிற்றைப் பிரட்டும், மலம் கறுக்கும், மலச்சிக்கல் வரும் என்பதால் பாதியில் நிற்கிறது. காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் சத்து சரியாக உடம்பில் சேராது என்பதும் பலருக்கு யாரும் சொல்லாத செய்தி.

எனக்கு இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு தைராய்டும் சேர்ந்துகொண்டது. அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மருத்துவர் இதை எளிதாகச் சொல்லி அனுப்பினார். பள்ளிக்குப் போகிறவளுக்குத் தலை பின்னி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்து இட்லித் தட்டு இறக்குகிற காலையில், தனக்கென்று ஒரு மணி நேரத்தைக் கணக்கு வைப்பது எவ்வளவு கடினம் என்பது அந்தக் காலையை வாழ்கிறவளுக்குத்தான் தெரியும்.

பிறகு மணிக்கட்டு. பிள்ளையைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கும்போது பெருவிரல் விரிந்து முழு பாரத்தையும் வாங்குகிறது. நாளுக்குப் பலமுறை அப்படித் தூக்கத் தூக்க, பெருவிரலை ஒட்டிய தசைநாண்களின் உறை தடித்து வலிக்கத் தொடங்குகிறது. ஃபிரிட்ஸ் டி குர்வான் என்ற சுவிட்சர்லாந்து அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1895இல் விவரித்த நோய் இது. இளம் தாய்மார்களுக்கு இது சாதாரணமாக வரும். மருந்தோடு சொல்லப்படும் முதல் ஆலோசனை, கைக்கு ஓய்வு. பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த ஓய்வுக்கு எங்கே போவது?

உடம்பைவிட மறைவாக இருப்பது மனம். உலக அளவில் பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய 13 சதவீதம் பேருக்கு மனநலக் குறைபாடு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைக் கண்டறிய 1987இல் எடின்பரோவில் உருவான பத்துக் கேள்விகள் இன்றும் உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கின்றன. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் உன்னையே குறை சொல்லிக்கொள்கிறாயா, தூக்கம் வராத அளவுக்கு வருத்தமா என்பது போன்ற எளிய கேள்விகள். கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் போதும். நம் வீடுகளில் அந்த ஐந்து நிமிடத்தை யாரும் கொடுப்பதில்லை. "தங்கமாட்டம் புள்ளைய வெச்சுக்கிட்டு உனக்கு என்னடி கவலை?" என்ற ஒரே கேள்வியில் பத்துக் கேள்வியும் அடங்கிப்போகின்றன.

இப்படிப்பட்ட ஒரு காலத்தில்தான் நான் ஒயர் கூடை பின்ன உட்கார்ந்தேன். பின்னச் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியம்மா. சாதா முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் முடிச்சு எல்லாம் அவர் விரலில் இருந்தன. முதலில் அடி போட வேண்டும். அளந்து வெட்டிய ஒயர்களை வரிசையாகக் கோத்து அடி அமைந்துவிட்டால், ரன்னிங் ஒயர் சுற்றிச் சுற்றி வந்து உயரத்தைக் கொடுக்கும். கடைசியில் கைப்பிடி. இறுக்கத்தில் ஒரு முடிச்சுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் வந்தால் கூடை ஒரு பக்கம் சாயும்.

"பச்சப் புள்ளய வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கும்மா இந்த வேல? செத்த நேரம் படுக்கலாம்ல?" என்று என் அத்தை கேட்டார். கரிசனம்தான். "ரெண்டு வரிசைதான் அத்தை, போட்டுட்டுப் படுத்துக்கிறேன்" என்றேன். அந்த இரண்டு வரிசைக்குள் பிள்ளை எழுந்துவிடும். குக்கர் கூப்பிடும். மணிக்கட்டு வலி அதிகமானபோது கூடை பீரோவின்மேல் ஏறியது, பல மாதம் அங்கேயே இருந்தது. வலி அடங்கிய பிறகு இறக்கித் தூசி தட்டிப் பார்த்தால், கடைசியாகப் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. அடுத்த முடிச்சை அதன் பக்கத்தில் போடலாம்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. என் வீட்டில் நான் பாதியில் விட்டுப் போனாலும் கெட்டுப்போகாத ஒரே வேலை இதுதான். பாதியில் விட்ட பால் பொங்கிவிடும், மாவு புளித்துவிடும், பிள்ளை அழுதுவிடும். கூடை காத்திருந்தது. ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. நேற்றைய உழைப்பை அழிக்காமல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது.

பெண்களின் கைவேலைகள் பலவற்றுக்கும் இந்த இயல்பு இருப்பது தற்செயல் இல்லை. மானுடவியலாளர் ஜூடித் பிரவுன் 1970இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், பிள்ளை வளர்க்கிறவர்கள் கையில் சேரும் வேலைகளுக்கு உள்ள பொதுக் குணங்களைச் சொன்னார்: முழுக் கவனத்தையும் கேட்காது, பிள்ளைக்கு ஆபத்தில்லை, வீட்டைவிட்டு வெகுதூரம் போக வேண்டாம், இடையில் நிறுத்தினாலும் எளிதாகத் தொடரலாம். நூல் நூற்பதும் தைப்பதும் பின்னுவதும் அப்படித்தான் பெண்களிடம் சேர்ந்தன. வட கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் பழந்துணித் துண்டுகளைச் சேர்த்துக் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கிக் காந்தா தைக்கிறார்கள். கிழிந்த துணி, கிழிந்த நேரம் இரண்டையும் சேர்த்துத் தைத்து, பிள்ளைக்குக் கதகதப்பாக்கியிருக்கிறார்கள் நம் முன்னோர்ப் பெண்கள்.

கைவேலையைப் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1885இல் ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகி, கடுமையான மனச்சோர்வில் விழுந்தார். 1887இல் அவருக்கு வைத்தியம் பார்த்த பெயர்பெற்ற நரம்பு மருத்துவர் வியர் மிட்சல் விதித்தது முழு ஓய்வு. எழுத்தையும் ஓவியத்தையும் விட்டுவிடச் சொன்னார். அந்த ஓய்வு தன்னைப் பித்தின் விளிம்புக்குக் கொண்டுபோனது என்று கில்மன் பின்னாளில் எழுதினார். ஹெர்பர்ட் ஹால் என்ற இன்னொரு மருத்துவர் 1904இல் மாசசூசெட்ஸில் உள்ள மார்பிள்ஹெட் என்ற ஊரில் நேர்மாறான வழியைத் தொடங்கினார். நரம்புத் தளர்ச்சி என்று வந்தவர்களின் கையில் தறியையும் களிமண்ணையும் கொடுத்தார். தொழில்வழிச் சிகிச்சை என்று இன்று மருத்துவமனைகளில் தனித்துறையாக நிற்பதற்கு அடி போட்டவர்களில் அவரும் ஒருவர்.

இதைச் சொல்லும்போதே அழுத்தமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கூடை மருந்தாகாது. ரத்தசோகைக்கு இரும்புச் சத்து வேண்டும், தைராய்டுக்கு மாத்திரை வேண்டும், வாரக்கணக்கில் விலகாத மனச்சோர்வுக்கு மருத்துவர் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசி உதவி கேட்கலாம். "ஏதாவது கைவேலை செய், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி ஒரு தாயை மருத்துவமனைக்குப் போகவிடாமல் நிறுத்துவது கொடுமை.

அதேபோல, நன்றாகப் பின்னுகிறாளே என்று பார்த்தவுடன் "இத வித்தா நல்ல காசு பாக்கலாமே" என்று சொல்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விற்க விரும்புகிறவள் விற்கட்டும், அந்தக் காசு அவளுக்கு மரியாதையும் தரும். ஆனால் ஆர்டர் என்று வந்துவிட்டால் கூடைக்கும் கெடு வந்துவிடுகிறது. காத்திருந்த ஒரே பொருளும் அவசரப்படுத்தத் தொடங்கிவிடுகிறது. எதற்கும் பயன்படாத ஒரு மணி மாலையைக் கோக்கவும், யாருக்கும் விற்காத ஒரு குரோஷா சட்டையைப் பின்னவும் ஒரு தாய்க்கு உரிமை வேண்டும்.

யோசித்துப் பார்க்கிறேன். என்னைத் தேற்றியது ஒயரின் பச்சையும் மஞ்சளுமா? முடிச்சின் ஒழுங்கா? அவையும்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது, அது என்னிடம் காட்டிய பொறுமை. நம் ஊரில் தாய் என்றாலே பொறுமை என்பார்கள். பூமியை உதாரணம் காட்டுவார்கள். அவள் எல்லாரிடமும் பொறுமையாக இருக்க வேண்டும் என்று பாட்டில், படத்தில், கல்யாண வாழ்த்தில் எல்லாம் சொல்லிவிட்டோம். அவளிடம் யார் பொறுமையாக இருப்பது என்று மட்டும் கேட்க மறந்துவிட்டோம். அவளுடைய ரத்தம் ஊற மாதங்கள் ஆகும். அவள் மனம் தெளிய அதைவிட அதிகமும் ஆகலாம். அதுவரைக்கும் குழம்பு ஒருநாள் உப்புக் கூடும், துணி மடிக்காமல் கிடக்கும், கேட்ட கேள்விக்குப் பதில் வராது.

உயிரில்லாத ஒரு கூடையால் காத்திருக்க முடிகிறதென்றால், அவளை நேசிக்கிற மனிதர்களால் முடியாதா? காலையில் அவள் மாத்திரை போட்ட அந்த ஒரு மணி நேரத்துக்கு அடுப்பைக் கணவன் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஊசி போடப் போகும்போது "இவளுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுங்க" என்று மாமியார் கேட்கலாம். அவள் பின்ன உட்காரும்போது, "அம்மா இந்த வரிசை முடிக்கட்டும், அப்புறம் கூப்பிடலாம்" என்று மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லக் கற்றுக்கொள்ளலாம். இவை எதற்கும் பணம் தேவையில்லை.

அவள் தேறி வருவாள். தேறி வரும் வேகம் அவளுடையதாக இருக்கட்டும். தாயின் பொறுமையில் வளர்கிற வீடு, அவளிடமும் பொறுமையாக இருக்கக் கற்றுக்கொள்ளும் நாளில்தான் அவளுக்கும் அது வீடாகிறது.