திராட்சைக்கு என்ன குற்றம்?

ஓசூரில் எங்கள் சபைக்குத் திருவிருந்து ரசம் காய்ச்சுவது என் பொறுப்பு. சிப்காட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எந்த வேலையிலும் அளவு பிசகக் கூடாது எனக்கு. சந்தையில் பெங்களூர் புளூ வாங்குவேன். சாம்பல் பூத்த கறுப்புப் பழம். இரண்டு விரலால் அழுத்தினால் தோல் கையோடு நிற்கும், சதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். காம்பு ஆய்ந்து, பிசைந்து, சிறு தீயில் காய்ச்சி, வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். காய்ச்சாமல் வைத்தால் சில நாளில் நுரை தள்ள ஆரம்பித்துவிடும். யாரும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. சாறு தன் போக்கில் மதுவாகிறது. அதைச் சாறாகவே நிறுத்தத்தான் அடுப்பு வேண்டியிருக்கிறது.

இந்த அடுப்பு வேலைக்கு வயது அதிகமில்லை. 1869இல் அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர், பாஸ்டரின் முறையைத் திராட்சைச் சாற்றில் செய்துபார்த்தார். திருவிருந்துக்குப் புளிக்காத ரசம் வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமோ, கொடியின் கனியிலிருந்து வந்த, கெட்டுப்போகாத இயற்கையான ஒயின்தான் பூசைக்கு ஆகும் என்கிறது. அப்படியானால் படைத்தவரின் விருப்பம் எது? நுரைக்கும் பானையா, என் அடுப்பா?

இந்தக் கேள்வியோடுதான் நந்தி மலை அடிவாரத்துக்குப் போனேன். தொட்டபல்லாபுரம் பக்கம், ஒயினுக்காகக் குரோவர் குடும்பம் தொடங்கிய திராட்சைத் தோட்டம். தொழில் விஷயமாகப் பிரான்சுக்குப் போய்வந்துகொண்டிருந்த கன்வல் குரோவர், ஷாம்பெயின் நாட்டு ஜார்ஜ் வெசெலின் யோசனையோடு 1980களில் பிரெஞ்சுக் கொடிகளை இங்கே நட்டார். மகன் கபிலும் சேர்ந்துகொண்டார். பிரான்சில் பனிக்காலம் வந்து கொடியைத் தூங்கவைக்கும். நம் பக்கம் அது தூங்காது. கவாத்துக் கத்தரிதான் அதற்குப் பருவத்தைச் சொல்கிறது. வருடத்தில் இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. வெட்டுவாயைப் பார்த்தபோது, யோவான் பதினைந்தாம் அதிகாரத்தில் இயேசு தம் பிதாவைத் தோட்டக்காரர் என்றதில் எவ்வளவு கத்தரி வேலை அடங்கியிருக்கிறது என்று பட்டது. இந்த உழைப்பைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெங்களூர் புளூ போடும் விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். லாரி ஏறிய பழம் ஜூஸ் கடைக்குப் போகிறதா, போர்ட் ஒயினுக்குப் போகிறதா, என் அடுப்புக்கு வருகிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் மண்ணே இந்த வழக்கில் இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. தருமபுரிதான் அன்றைய தகடூர். அதை ஆண்ட அதியமான் இறந்தபோது ஔவை அழுத அழுகையில், அவன் கள்ளைப் பகிர்ந்து குடித்த நினைவும் இருக்கிறது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அன்று ஓசூரும் சேலம் மாவட்டம்தான். ஔவை நினைத்தது உடனிருந்து பகிர்ந்தவனை; ராஜாஜி கண்டது கூலி வந்தும் அடுப்பு எரியாத வீட்டை. இரண்டுமே உண்மை.

சம்பள நாளில் ஷிப்டு முடிந்து, குடிக்க அத்திப்பள்ளியில் கர்நாடக எல்லையைத் தாண்டிப் போனவர்களில் என் நண்பர் ஒருவரும் உண்டு. இப்போது குடியை விட்டுவிட்டார். திருவிருந்துக்கு முழந்தாளிட்டால், கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்துவார். பிறகுதான் உதட்டில் படும்.

கானாவூரில் ஆறு கற்சாடித் தண்ணீரைத் திராட்சரசமாக்கியவரின் பந்தியில் காய்ச்சின சாறா என்று எங்கள் கமிட்டியிலேயே கேட்கிறார்கள். நல்ல கேள்வி, வேதமும் ஓரளவு அவர்கள் பக்கம்தான். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னவர் பவுல். ஆனால் சகோதரன் இடறுவானென்றால் அதைத் தொடாதிருப்பதே நல்லது என்று ரோமருக்கு எழுதியவரும் அவரே. ஆளைப் பார்த்துச் சொன்ன இரண்டு பதில்கள் இவை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். கொடிமேலும் தோட்டக்காரர்மேலும் எனக்கு வழக்கில்லை. கிண்ணத்தை நீட்டுகிறவன், எதிரில் முழந்தாளிட்டிருப்பது யார் என்று தெரிந்து நீட்ட வேண்டும். அந்தக் கணக்கு என்னிடம்தான் கேட்கப்படும்.

ஒயின் வைக்கும் சபையார் தாராளமாக வையுங்கள். பக்கத்திலேயே காய்ச்சின சாறு ஒரு கிண்ணமும் இருக்கட்டும். எது எதுவென்று ஆராதனைக்கு முன்பே அறிவித்துவிடுங்கள்.